பழைய லாரி கிளம்பவில்லையா? பாகத்தை மாற்றும் முன் விசாரியுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் மர்ஹூம் ஒருவரின் சொத்துக்களைப் பாகம் பிரித்து எழுதித் தருமாறு நம்மை அழைத்திருந்தார்கள். வீடு, சிறிய தென்னந்தோப்பு, கொஞ்சம் நகை. இவற்றில் எந்தப் பேச்சும் எழவில்லை. பேச்சு எழுந்தது கொட்டகையில் நின்ற ஒரு பழைய லாரியின் மீதுதான். எஃப்.சி. 150 என்ற சிறிய ஜீப் லாரி. அதில் தேங்காய் ஏற்றித்தான் அந்த மனிதர் மூன்று பிள்ளைகளையும் வளர்த்திருந்தார்.

“ஓடாத வண்டிக்குக் காயலான் கடை விலைதான் ஹஜ்ரத். அந்த விலைக்கு நானே எடுத்துக்கிறேன்” என்றார் மூத்தவர். “வாப்பா படுக்கையில விழுற வரைக்கும் ஓடுன வண்டி” என்றார் இளையவர். தங்கை ஒன்றும் பேசவில்லை. ஓடும் பழைய வண்டிக்கு ஒரு விலை உண்டு, இரும்புக்கு ஒரு விலை உண்டு. இரண்டுக்கும் இடையிலுள்ள தொகையில் அந்தத் தங்கைக்கும் அவருடைய தாயாருக்கும் பங்கு இருக்கிறது. வண்டி ஓடுமா ஓடாதா என்று தெரியாமல் எந்த விலையை எழுதுவது? நாம் பேனாவை மூடி வைத்துவிட்டோம்.

தகப்பனார் நோயுற்றிருந்தபோது பிள்ளைகள் அந்த வண்டியைப் பட்டறைக்கு அனுப்பி, இன்ஜினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றி, சேஸிஸுக்குப் பெயிண்ட் அடித்து வாங்கியிருந்தார்கள். அதன்பிறகு வண்டி ஒழுங்காகக் கிளம்பவே இல்லை. ஒரு மெக்கானிக் பேட்டரியை மாற்றினார். இன்னொருவர் காயிலையும் பிளக்குகளையும் மாற்றினார். மூன்றாமவர் கார்புரேட்டரை மாற்றிவிட்டு, ‘இன்ஜின் வேலை செய்ய வேண்டும்’ என்றார். 11,000 ரூபாய் செலவானது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

கடைசியாக வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து வந்தோம். ஒரு டெஸ்ட் லாம்ப், ஒரு மீட்டர், ஒரு சிறிய நோட்டுப்புத்தகம். அவர் கொண்டுவந்தது அவ்வளவுதான். நாம் கல்லூரியில் படித்தது வரலாறு. வண்டி வேலை நமக்குத் தெரியாது. ஆனாலும் அன்று காலை முதல் லுஹர் வரை அவருடன் நின்று பார்த்தோம். பிறகும் பலமுறை அவருடைய பட்டறையில் அமர்ந்து கேட்டுக் குறித்துக்கொண்டோம். பழைய பெட்ரோல் வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் அதை இங்கே வரிசைப்படுத்தித் தருகிறோம்.

இந்த வண்டியின் பின்னணி

1945இல் ‘மஹிந்திரா & முஹம்மது’ என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. மஹிந்திரா சகோதரர்களுடன் சேர்ந்து அதைத் தொடங்கியவர் மாலிக் குலாம் முஹம்மது. பிரிவினைக்குப் பின் அவர் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார், பின்னர் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் இருந்தார். 1948இல் நிறுவனத்தின் பெயர் ‘மஹிந்திரா & மஹிந்திரா’ என்று மாறியது. அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்ற நிறுவனம் இதுதான். 1960களின் நடுவில் அதே வில்லிஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஃப்.சி. 150 வண்டியும் இங்கே தயாராயிற்று.

இந்த வண்டிக்கு முன்மூக்கு கிடையாது. ஓட்டுநர் முன்சக்கரத்தின் மேலேயே அமர்ந்திருப்பார். இன்ஜின் கேபினுக்குள், ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவில், ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். நான்கு சிலிண்டர், சுமார் 2,200 சி.சி. கொள்ளளவு கொண்ட ‘ஹரிக்கேன்’ பெட்ரோல் இன்ஜின். பழைய பெட்ரோல் ஜீப்புகளில் இருப்பதும் இதே இன்ஜின்தான். ஆகவே இங்கே சொல்பவை பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும்.

இன்ஜின் கேபினுக்குள் இருப்பதால் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. இதில் ஒரு வயர் ஷார்ட் ஆகித் தீப்பிடித்தால் அந்தத் தீ ஓட்டுநரின் முழங்காலுக்குப் பக்கத்தில் பிடிக்கிறது. வயரிங் வேலையில் அலட்சியம் காட்டினால் ஆபத்து உட்கார்ந்திருப்பவர்களுக்கே.

கை வைக்கும் முன்

பெட்ரோல் வாடை வந்தால் முதலில் கசிவை நிறுத்துங்கள். பிறகுதான் மின்சார வேலை. பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மோதிரத்தையும் இரும்புப் பட்டை போட்ட கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். பேட்டரி டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால் ஒரு நொடியில் பழுத்துவிடும்.

பேட்டரியைக் கழற்றும்போது எர்த் கேபிளை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். எர்த் கழன்றபின் ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாறிச் செய்தால் ஸ்பேனரே ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். வில்லிஸ் வழியில் நெகட்டிவ்தான் எர்த். ஆனால் பழைய வண்டிகளில் யாராவது மாற்றியிருக்கலாம். எந்தக் கேபிள் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்பது நோயின் பெயரல்ல. அதற்குள் நான்கு வெவ்வேறு புகார்கள் இருக்கின்றன.

ஒன்று, செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்கவில்லை, அல்லது ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும். இரண்டு, இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் சோர்ந்து சுற்றுகிறது. மூன்று, வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. நான்கு, கிளம்புகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது.

முதல் இரண்டும் பேட்டரி, கேபிள், எர்த், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைப் பற்றியவை. மூன்றாவது இக்னிஷன் அல்லது பெட்ரோல். நான்காவது பெரும்பாலும் சூட்டில் பலவீனமாகும் ஒரு பாகம். எந்தப் புகார் என்று பிரித்தறியாமல் காயிலை மாற்றுவது, வயிற்றுவலிக்காரனுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பது போல.

எலக்ட்ரீஷியன் வந்ததும் வண்டியைத் தொடவில்லை. “என்ன நடந்தது, எப்போதிலிருந்து, அதற்கு முன்னால் என்ன வேலை செய்தீர்கள்?” என்று கேட்டார். பதில்களை நோட்டில் எழுதினார். பிறகு செல்ஃப் அடிக்கச் சொன்னார். இன்ஜின் சோர்ந்து சுற்றியது. அதாவது இரண்டாவது புகார். அப்படியானால் காயிலும் பிளக்கும் கார்புரேட்டரும் ஏன் மாற்றப்பட்டன? அந்தக் கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை.

பேட்டரியும் எர்த்தும்

முழுச் சார்ஜில் ஓய்ந்து நிற்கும் 12 வோல்ட் பேட்டரி மீட்டரில் 12.6 வோல்ட் அளவு காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே போனால் சார்ஜ் போடாமல் மேற்கொண்டு எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம். சார்ஜ் இல்லாத பேட்டரியுடன் செய்யும் சோதனை தவறான முடிவையே தரும்.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி சோர்ந்திருக்கிறது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. விழாமல் நல்ல வோல்ட் இருந்தும் இன்ஜின் சோர்ந்து சுற்றினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது.

அந்தத் தடையைப் பிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை இன்ஜினின் சுத்தமான இரும்பிலும் வையுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். எர்த் சரியாக இருந்தால் மீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. அதற்கு மேல் காட்டும் ஒவ்வொரு வோல்ட்டும் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே சூடாக வீணாகிறது. அதேபோல் பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய டெர்மினலுக்கும் நடுவில் வைத்தால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

அந்த லாரியில் இன்ஜினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

இந்த இடத்தில் ஒரு சம்பவம். செல்ஃப் அடித்துக்கொண்டிருந்தபோது இளையவரின் எட்டு வயது மகன், “வாப்பா, போன தடவையும் இந்த சோக் கம்பி சுட்டுச்சு” என்றான். முன்பும் அவன் அதைச் சொல்லியிருக்கிறான், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எலக்ட்ரீஷியன் சோக் கேபிளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். “சாட்சி கெடச்சிருச்சு ஹஜ்ரத்.”

விஷயம் இதுதான். இன்ஜின் ரப்பர்களின் மீது அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்க, செம்புக் கம்பிகளால் பின்னிய ஒரு பட்டை கட்டாயம் தேவை. ரப்பர் மாற்றியபோது அந்தப் பட்டையைக் கழற்றியிருக்கிறார்கள். பெயிண்ட் காய்ந்தபின், பெயிண்டின் மேலேயே திரும்ப முறுக்கியிருக்கிறார்கள். பார்வைக்கு எல்லாம் சரி. ஆனால் பெயிண்ட் மின்சாரத்தை மறிக்கிறது. நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும் செல்ஃப் மோட்டார் வேறு வழி தேடுகிறது. இன்ஜினையும் கேபினையும் இணைக்கும் இரும்பு என்னென்ன இருக்கிறது? சோக் கேபிளும் ஆக்ஸிலேட்டர் கம்பியும். மெல்லிய அந்தக் கம்பி வழியாக அவ்வளவு மின்சாரமும் பாய்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விடாமல் செல்ஃப் அடித்திருந்தால் பக்கத்திலிருந்த பெட்ரோல் ட்யூபுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பட்டையைக் கழற்றி, இரு பக்கமும் இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். செலவு ஏதுமில்லை. அடுத்த முறை செல்ஃப் அடித்தபோது இன்ஜின் விறுவிறுவென்று சுற்றியது. ஆனாலும் பற்றிக்கொள்ளவில்லை. இப்போது அது மூன்றாவது புகாராகிவிட்டது.

பழைய வண்டிகளின் இயல்பே இதுதான். ஒரு குறைக்குப் பின்னால் இன்னொரு குறை ஒளிந்திருக்கும். ஒன்றைச் சரி செய்ததும் மனம் தளர்ந்துவிடாமல் விசாரணையை அடுத்த கட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தீப்பொறி எப்படிப் பிறக்கிறது?

பேட்டரியிலிருந்து 12 வோல்ட் சாவி வழியாகக் காயிலுக்குள் போகிறது. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயிண்ட் வழியாக எர்த்துக்குப் போகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் காந்தசக்தி நிறைகிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அந்தக் காந்தசக்தி சரிந்து, காயிலின் இரண்டாவது சுற்றில் 15,000, 20,000 வோல்ட் என்று பொங்கி எழுகிறது. அது தடித்த எச்.டி. வயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு வந்து, ரோட்டார் காட்டும் பிளக்குக்குப் போய்ப் பொறியாகிறது.

இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றினால் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 4,000 பொறி வேண்டும். நொடிக்கு 66 முறை அந்தச் சிறிய பாயிண்ட் திறந்து மூடுகிறது. ஆகவே அது தேய்வது குற்றமல்ல. அதைப் பார்க்காமல் விடுவதுதான் குற்றம்.

இதில் இரண்டு பாதைகள் இருப்பதைக் கவனியுங்கள். 12 வோல்ட் போகும் பாதை ஒன்று, ஆயிரக்கணக்கான வோல்ட் போகும் பாதை ஒன்று. முதல் பாதை சரியா என்று தெரியாமல் இரண்டாவதில் கை வைக்கக்கூடாது.

முதல் பாதையை டெஸ்ட் லாம்ப் சொல்லும்

டெஸ்ட் லாம்பின் கிளிப்பை எர்த்தில் மாட்டுங்கள். சாவியைப் போட்டு, காயிலின் பாசிட்டிவ் டெர்மினலைத் தொடுங்கள். விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் சாவியிலோ அதற்கு வரும் வயரிலோ குறை. காயிலைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

எரிந்தால் காயிலின் நெகட்டிவ் டெர்மினலைத் தொட்டபடி ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் பாயிண்ட் திறந்து மூடுகிறது, முதல் பாதை வேலை செய்கிறது. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது மூடியும் அழுக்கு மறிக்கிறது. எரியவே இல்லையென்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது உள்ளே இருக்கும் சிறிய வயர் டிஸ்ட்ரிபியூட்டர் உடலில் தொட்டு ஷார்ட் ஆகிறது, அல்லது கண்டென்சர் ஷார்ட், அல்லது காயிலின் உள்சுற்று அறுந்திருக்கிறது.

அந்த லாரியில் விளக்கு அணையாமல் எரிந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் பாயிண்ட் முகங்களில் சாம்பல் நிறப் படலம். மாதக்கணக்கில் கடற்காற்றில் நின்ற வண்டிக்கு இது வழக்கம். பாயிண்ட் பார்வைக்கு மூடுகிறது, மின்சாரத்துக்கு மூடவில்லை. புதிய காயில் மாட்டியவர் இந்த மூடியைத் திறந்தே பார்க்கவில்லை.

பாயிண்டும் கண்டென்சரும்

படலம் மட்டுமே என்றால் மெல்லிய பாயிண்ட் அரத்தால் ஓரிரு இழுப்பு இழுத்து, சுத்தமான வெள்ளைத்தாளை நடுவில் வைத்து உருவினால் போதும். உப்புத்தாள் வேண்டாம். அதன் மணல் துகள் உள்ளே தங்கிவிடும். ஒரு முகத்தில் குழியும் மறு முகத்தில் மேடும் விழுந்திருந்தால் பாயிண்ட் செட்டை மாற்றிவிடுவதே நல்லது. அப்படி விழுவதற்குக் கண்டென்சர் பலவீனமாக இருப்பது ஒரு காரணம். அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

பாயிண்ட் முழுவதும் திறந்து நிற்கும் நிலைக்கு இன்ஜினைச் சுற்றி, ஃபில்லர் கேஜால் இடைவெளியை அளக்க வேண்டும். இந்த ஹரிக்கேன் இன்ஜினுக்கு 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் சீக்கிரம் கருகும். கூடினால் காயில் நிறைய நேரம் கிடைக்காமல் வேகத்தில் பொறி மெலியும். பாயிண்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும் என்பதால் இடைவெளி முதலில், டைமிங் பிறகு. டைமிங் மேல்முனைக்கு 5 டிகிரி முன்.

பாயிண்ட்டைத் தள்ளும் கேம் மீது அதற்குரிய கிரீஸ் மிகச் சிறிதளவு தடவ வேண்டும். இல்லாவிட்டால் தேய்க்கும் கட்டை தேய்ந்து இடைவெளி தானாகவே மூடிக்கொள்ளும். அதிகம் தடவினால் அது தெறித்து மறுபடி பாயிண்டில் படலமாகும்.

கண்டென்சர் சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். ஆனால் அது கெட்டால் பாயிண்டில் நீலப்பொறி வெடிக்கும், பிளக்கில் பொறி இருக்காது. பழைய வண்டிக்காரர்கள் நல்லதென்று தெரிந்த ஒரு கண்டென்சரை எப்போதும் டூல் பெட்டியில் வைத்திருப்பார்கள். அது நல்ல பழக்கம்.

இரண்டாவது பாதை

காயிலிலிருந்து வரும் எச்.டி. வயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து உருவி, மின்காப்புப் பிடியுள்ள கொறடால் பிடித்து, இன்ஜின் இரும்பிலிருந்து கால் அங்குலத் தூரத்தில் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். கார்புரேட்டர் பக்கத்தில் இதைச் செய்யக்கூடாது. வயரை வெறும் கையால் பிடிக்கவும் கூடாது. ‘டப் டப்’ என்ற சத்தத்துடன் நீலநிறப் பொறி பாய்ந்தால் காயில் நலம். மஞ்சளாக, நூல்போலப் பாய்ந்தால் பலவீனம்.

காயில் வயரில் நல்ல பொறி இருந்து, பிளக்கில் இல்லாவிட்டால் குறை நடுவில் இருக்கிறது: மூடி, ரோட்டார், அல்லது எச்.டி. வயர்கள். மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கோடு கிழித்ததுபோல் மெல்லிய கருங்கோடு தெரிந்தால் மின்சாரம் அந்த வழியாக ஒழுகுகிறது. துடைத்தால் போகாது, மாற்றத்தான் வேண்டும். மூடியின் நடுவிலுள்ள கரித்துண்டு ஸ்பிரிங்குடன் அசைகிறதா என்றும் பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் கிளம்பாத வண்டிக்கு மூடிக்குள் கோத்த ஈரமே காரணமாக இருக்கலாம். உலர்ந்த துணியால் துடைத்தாலே கிளம்பிவிடும். இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு ஓடும் இன்ஜினைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒழுகும் எச்.டி. வயர் மின்மினிபோல் மினுங்கும்.

வயர்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி ஒட்டுங்கள். இந்த இன்ஜினின் பொறி வரிசை 1-3-4-2. இரண்டு வயர் மாறினாலே கார்புரேட்டர் வழியாக ‘படார்’ என்று பேக் ஃபயர் ஆகும். பிளக் இடைவெளி 0.030 அங்குலம், அதாவது முக்கால் மில்லிமீட்டர். பிளக்கின் நுனியையும் பாருங்கள். இளம்பழுப்பு நிறம் நலம். கரிப்புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி குறைவு. எண்ணெய்ப் பசை இருந்தால் அது இன்ஜினின் புகார், மின்சாரத்தின் புகாரல்ல.

சூடானதும் நிற்கும் வண்டி

நான்காவது புகார்தான் மெக்கானிக்குகளை அதிகம் ஏமாற்றுவது. பட்டறைக்கு வரும்போது வண்டி நன்றாக இருக்கும். பத்து கிலோமீட்டர் போனதும் நிற்கும். அரைமணி நேரம் நிழலில் நின்றால் மறுபடி கிளம்பும். எஃப்.சி. போன்ற வண்டியில் இன்ஜின் மூடிக்குள் வெப்பம் தேங்குவதால் இது கூடுதலாகவே நேரும்.

காயிலோ கண்டென்சரோ சூட்டில் உள்ளே விட்டுப்போகலாம். பெட்ரோல் ட்யூபுக்குள் ஆவியாகி அடைத்துக்கொள்ளவும் செய்யலாம். இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பிரித்தறிய ஒரே வழி, நின்ற அந்த இடத்திலேயே, ஆறுவதற்கு முன், பொறிச் சோதனையைச் செய்வது. பெட்ரோல் ஆவியும் அங்கே சூழ்ந்திருக்கலாம் என்பதால் மூடியை நன்றாகத் திறந்து காற்றோட்டம் விட்டு, கார்புரேட்டருக்கு எட்டாத தூரத்தில் செய்ய வேண்டும். பொறி இருந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள். பொறி இல்லாவிட்டால் முதலில் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள், பிறகு காயில். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று ஒருபோதும் தெரியாது.

வெளித் தடை இல்லாமல் ஓடும் 12 வோல்ட் காயிலின் முதல் சுற்று மீட்டரில் ஏறத்தாழ 3 ஓம் காட்டும். வெளித் தடையுடன் ஓட வேண்டிய காயில் அதில் பாதிதான் காட்டும். அந்த இரண்டாவது வகையைத் தடை இல்லாமல் நேராக மாட்டினால் காயில் கொதிக்கும், பாயிண்ட் கருகும். கடையில் காயில் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சார்ஜ், விளக்கு, ஃபியூஸ்

டைனமோ உள்ள வண்டியில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது அம்மீட்டர் முள் இறங்குப் பக்கம் நிற்பது குறையல்ல. டைனமோ அந்த வேகத்தில் போதிய மின்சாரம் தராது. வேகம் கூட்டினால் முள் ஏற வேண்டும், பேட்டரியில் 14 வோல்ட் அளவு வர வேண்டும். வராவிட்டால் முதலில் பெல்ட், பிறகு டைனமோ பிரஷ், கடைசியாகத்தான் கட்அவுட். புதிய கட்அவுட் மாட்டினால் டைனமோவுக்கு முனை சரி செய்ய வேண்டியிருக்கும். அதன் முறை டைனமோவுக்கு டைனமோ மாறும் என்பதால் தெரிந்தவரிடமே விடுங்கள்.

சிலர் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் பழைய அம்மீட்டர் வழியாகவே எல்லா மின்சாரத்தையும் அனுப்பினால், அது தாங்கும் அளவை மீறி டேஷ்போர்டுக்குள் சூடாகும். தடித்த வயரும் வோல்ட் மீட்டரும் வைப்பதே பாதுகாப்பு.

இண்டிகேட்டர் போட்டால் பார்க் விளக்கும் சேர்ந்து மினுங்குகிறதா? ஹெட்லைட் மங்கலாக எரிகிறதா? மறுபடியும் எர்த்தைப் பாருங்கள். விளக்கு தாங்கியின் துருப்பிடித்த திருகே பலமுறை காரணமாக இருக்கும்.

ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். சிகரெட் தாளின் வெள்ளித்தகடும் செம்புக் கம்பியும் சுற்றுவது வீட்டுக்குள் நெருப்பை அழைத்து வைப்பது போல. திரும்பத் திரும்பப் போனால், ஃபியூஸ் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை இணையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஒவ்வொரு வயராக அசைத்தும் கழற்றியும் வாருங்கள். எந்த இடத்தில் பல்பு மங்குகிறதோ அங்கேதான் குறை. எலி கடித்த வயரும், தகடு வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் உராய்ந்த வயரும் இப்படித்தான் பிடிபடும்.

விசாரணையின் ஒழுங்கு

எலக்ட்ரீஷியனின் நோட்டில் இருந்த ஒழுங்கை நாம் மூன்று வரியில் சுருக்கலாம். கடைசியாக யார் எதைத் தொட்டார்களோ அங்கிருந்து விசாரணையைத் தொடங்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, முடிவை எழுத வேண்டும். சோதனையில் குற்றம் நிரூபணம் ஆகாத எந்தப் பாகத்தையும் தூக்கி எறியக்கூடாது. எறியப்பட்ட பழைய காயில் நல்ல காயில் என்று அன்று சோதித்தபோது தெரிந்தது. அதைத் துடைத்து டூல் பெட்டியில் வைத்துவிட்டார்.

பாயிண்டைச் சுத்தம் செய்து, இடைவெளி வைத்து, மூடியை மாட்டியபின் இளையவர் செல்ஃப் அடித்தார். இரண்டாவது சுற்றில் இன்ஜின் பற்றிக்கொண்டது. வீட்டுக்குள்ளிருந்து தாயார் வாசல் வரை வந்து நின்றார். அந்தச் சத்தத்தை அவர் நாற்பது வருடம் கேட்டிருக்கிறார். மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் ஆக்ஸிலேட்டரை ஒருமுறை மிதித்துப் பார்த்தார். அவர் ஏமாற்ற நினைத்தவரல்ல. மூன்று மெக்கானிக்குகள் சொன்னதை நம்பியவர், அவ்வளவுதான்.

அன்று மாலையே பழைய வண்டி வாங்கி விற்கும் இருவரை அழைத்து விலை கேட்டோம். இருவர் சொன்னதும் இரும்பு விலையைவிடப் பல மடங்கு. அந்த விலையைப் பாகப் பத்திரத்தில் எழுதினோம். இளையவர் வண்டியை எடுத்துக்கொண்டு, தாயாருக்கும் அண்ணனுக்கும் தங்கைக்கும் சேர வேண்டியதைத் தவணையாகக் கொடுத்து முடித்தார். எழுதும்போது ஒரு நினைப்பு நம்மை விட்டு நீங்கவில்லை. பெயிண்டின் மேல் முறுக்கப்பட்ட ஒரு போல்ட்டால் ஒரு பெண்ணின் பங்கு அவருக்கே தெரியாமல் குறைந்து போயிருக்கும்.

உங்கள் கொட்டகையிலும் இப்படி ஒரு வண்டி நிற்கலாம். காயலான் கடைக்காரரை அழைக்கும் முன் ஒரு டெஸ்ட் லாம்ப் வாங்குங்கள், எர்த் பட்டையைக் கழற்றித் தேயுங்கள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளை ஏதாவது சொன்னால் அதையும் காது கொடுத்துக் கேளுங்கள்.